மூணு மெஷின், ஒரே பாஷ்ஆர்சி: சிம்லிங்க் போட்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் எட்டிப் பாருங்க

கோப்பி_கொசோங் | வெள்ளி, இரவு 11:48

வணக்கம். நிரல் எழுதிப் பிழைக்கிறவன். சிஸ்டம் அட்மின் வேலை எனக்குக் கைவராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் மூணு மெஷின். அங் மோ கியோ வீட்டில் டெபியன் போட்ட டெஸ்க்டாப், பாதி உதிரிபாகம் சிம் லிம் ஸ்குவேரில் பேரம் பேசி வாங்கியது. ஒன்-நார்த்தில் ஆபீஸ் கொடுத்த மேக். மூணாவது ஒரு கிழட்டு திங்க்பேட். விண்டோஸ், அதற்குள் லினக்ஸ் ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல். இத்தனை நாள் பாஷ்ஆர்சி (கட்டளை தட்டுகிற பாஷ் ஷெல்லின் அமைவுக் கோப்பு), நியோவிம் எடிட்டரின் அமைவு எல்லாவற்றையும் தம்ப் டிரைவில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் பழைய காப்பியைப் புதியதன் மேல் போட்டு, மூணு வாரம் சேர்த்த அலியாஸ் (கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்) எல்லாம் போச்சு. பீஷானில் ரயில் மாறும்போதுதான் உறைத்தது. சர்க்கிள் லைன் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

சரி, எல்லாரும் சொல்கிற மாதிரியே செய்வோம் என்று போன சனிக்கிழமை உட்கார்ந்தேன். ஹோம் ஃபோல்டரில் டாட்ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதில் எல்லா அமைவுக் கோப்பும், அது ஒரு கிட் ரெப்போ (மாற்றங்களைப் பதிந்து வைக்கிற களஞ்சியம்). அசல் இடங்களில் அந்தக் கோப்புகளைக் காட்டும் சிம்லிங்க். பாதி வேலை செய்கிறது, மீதியில் மூணு குழப்பம்:

டாட்ஃபைல்ஸுக்குள் நின்றுகொண்டு "எல்என் -எஸ் பாஷ்ஆர்சி ~/.பாஷ்ஆர்சி" என்று போட்டேன். எல்எஸ் அடித்துப் பட்டியல் பார்த்தால் லிங்க் தெரிகிறது, உள்ளே இருப்பதைப் பார்க்க கேட் அடித்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. கோப்பு கண் முன்னால் இருக்கிறது!

நியோவிம் ஃபோல்டருக்குள்ளே இன்னொரு நியோவிம் முளைத்திருக்கிறது. நான் வைக்கவில்லை.

திங்க்பேடில் பாஷ்ஆர்சியில் ஒரு வரி மாற்றினேன். மாற்றம் அங்கே இருக்கிறது, ஆனால் கிட் ஸ்டேட்டஸ் ஒன்றுமே மாறவில்லை என்கிறது.

யாராவது தலையைத் தடவிச் சொல்லுங்க.

புளோக்_மேல்மாடி | சனி, காலை 8:15

தம்பி, முதல் ரெண்டும் நானும் பட்டதுதான்.

சிம்லிங்க் என்பது ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே கோப்பு கிடையாது, ஒரு பாதை எழுத்தாக எழுதியிருக்கும், அவ்வளவுதான். நீங்க எழுதியது "பாஷ்ஆர்சி" என்ற ஒற்றைச் சொல். சீட்டை எங்கே ஒட்டினீங்க? ஹோம் ஃபோல்டரில். அப்போ சிஸ்டம் அந்தச் சொல்லை ஹோம் ஃபோல்டரில்தான் தேடும். எழுதும்போது நீங்க டாட்ஃபைல்ஸுக்குள் நின்றது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நம்ம சிங்கப்பூரில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். "பக்கத்து புளோக், மூணாவது மாடி" என்று சீட்டு எழுதி உங்க வீட்டுக் கதவில் ஒட்டினா ஒரு அர்த்தம், அதையே என் வீட்டுக் கதவில் ஒட்டினா வேற அர்த்தம். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டோடு எழுதினா எங்கே ஒட்டினாலும் ஒரே புளோக்தான். அதனால முழுப் பாதை கொடுங்க: "எல்என் -எஸ் ~/டாட்ஃபைல்ஸ்/பாஷ்ஆர்சி ~/.பாஷ்ஆர்சி". லினக்ஸில் மட்டும்னா "-எஸ்ஆர்" கொடுத்தா சரியான சார்புப் பாதையை அதுவே கணக்குப் போட்டு எழுதிடும். மேக்கோட எல்என்-க்கு அந்த ஆர் தெரியாது.

ரெண்டாவது: கட்டளையை ரெண்டு தடவை ஓட்டியிருக்கீங்க. முதல் தடவை லிங்க் உருவாச்சு. ரெண்டாவது தடவை இலக்கு ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் மாதிரி தெரியுது, அதனால அதுக்குள்ளே போய் இன்னொரு லிங்க் வச்சிடுச்சு. உள்ளேன்னா எங்கே? உங்க ரெப்போவுக்குள்ளேயே. கமிட் வேற பண்ணியிருப்பீங்க. அந்தக் குட்டி நியோவிமை நீக்கிட்டு, இனிமேல் "எல்என் -எஸ்எஃப்என்" போடுங்க. என் என்ற எழுத்து, "இலக்கு லிங்க்கா இருந்தா உள்ளே புகாதே, அதையே மாற்று" என்று சொல்றது. மேக்கிலும் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த இடத்தில் லிங்க் இல்லாம நிஜமான ஃபோல்டரே இருந்தா இந்த "-என்" காப்பாத்தாது, பழையபடி உள்ளேதான் போகும். முதலில் பழைய ஃபோல்டரை வேற பேருக்கு மாற்றிடுங்க.

கோப்பி_கொசோங் | சனி, காலை 9:02

அக்கா, ரெண்டு தடவை இல்லை, நாலு தடவை ஓட்டியிருப்பேன். முதல் ரெண்டும் தீர்ந்தது. அஞ்சல் குறியீட்டு விளக்கம் இனி ஆயுசுக்கும் மறக்காது.

நைட்ஷிப்ட் | சனி, பிற்பகல் 1:37

இப்பதான் எழுந்தேன். மூணாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

திங்க்பேடில் அந்த வரியை எதை வச்சு மாத்தினீங்க? எடிட்டரிலா, எழுத்தைத் தேடி மாத்துற செட் கட்டளையிலா?

கோப்பி_கொசோங் | சனி, பிற்பகல் 1:50

"செட் -ஐ". ஆபீஸ் விபிஎன்-க்குள் போகும்போது ப்ராக்ஸி வரியை மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன்.

நைட்ஷிப்ட் | சனி, பிற்பகல் 2:10

அதேதான். செட் -ஐ கோப்பைத் திறந்து உள்ளேயே திருத்துதுன்னு பெயரைப் பார்த்து நினைப்போம். அது புதுசா ஒரு தற்காலிகக் கோப்பு எழுதி, அதை பழைய பேருக்கு மாத்தி வைக்குது. பழைய பேரில் இருந்தது உங்க சிம்லிங்க். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அங்கே ஒரு நிஜக் கோப்பை வச்சாச்சு. அதான் கிட்டுக்கு ஒண்ணும் தெரியல. ரெப்போவில் இருக்கிற கோப்பை யாரும் தொடவே இல்லையே. "எல்எஸ் -எல்" போட்டுப் பாருங்க, அம்புக்குறி இருக்காது.

லினக்ஸ் செட்டில் "--ஃபாலோ-சிம்லிங்க்ஸ்" என்று ஒண்ணு இருக்கு, அதைச் சேர்த்தா லிங்க்கைத் தொடர்ந்து போய் அசலைத் திருத்தும். விம் மாதிரி எடிட்டர்கள் இதைத் தானே பார்த்துக்கும். ஆனா செட்டிங்ஸ் திரையில் டிக் போட்டா தன் கான்ஃபிக்கைத் தானே எழுதிக்கிற செயலிகளில் பாதி இந்தத் தற்காலிகக் கோப்பு வித்தையைத்தான் பண்ணும். அவங்க பண்றதும் சரிதான், நடுவில் கரண்ட் போனா கோப்பு அரைகுறையா நிக்காது. நமக்குத்தான் லிங்க் போயிடும். மேக்கில் பிரிஃபரன்ஸ் கோப்புகளை லிங்க் பண்ற பழக்கம் 2023-ல் சொனோமா வந்ததோட செத்துப்போச்சு. அதையெல்லாம் தொடாதீங்க.

யாராவது "அப்ப ஹார்ட்லிங்க் (ஒரே கோப்புக்கு ரெண்டு பேர்) போடு" என்று சொல்வாங்க, கேட்காதீங்க. கிட் புல் பண்ணும்போது கிட் பழைய கோப்பை நீக்கிட்டுப் புதுசா எழுதும். ஹார்ட்லிங்க் சத்தமே இல்லாம ரெண்டாப் பிரிஞ்சிடும். சிம்லிங்க் போனாலாவது அம்புக்குறி காணோம்னு கண்ணுக்குத் தெரியும்.

பழைய_மோடம் | சனி, மாலை 5:20

தம்பிமார்களுக்கு வணக்கம். இரண்டு செய்திகள் சொல்ல ஆசை. கிழவனின் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறியீட்டு இணைப்பு 1983-ல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு பரவலாக வந்தது. அதற்கு முன் ஹார்ட்லிங்க் மட்டும்தான். அது ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குத் தாண்டாது. இன்று உங்கள் டெபியனே இதன் மேல்தான் நிற்கிறது. "எடிட்டர்" என்ற கட்டளையைத் தட்டினால் அது ஒரு இணைப்பு, அது "ஆல்டர்நேட்டிவ்ஸ்" அடைவிலுள்ள இன்னோர் இணைப்புக்குப் போய், பிறகுதான் உண்மையான நிரலைச் சேரும்.

பெயரின் முன்னால் புள்ளி வைத்தால் கோப்பு மறைந்துபோவது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். பெல் லேப்ஸின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-ல் இதை எழுதினார். நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் எல்எஸ் பட்டியலில் வராமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்குவழியை யாரோ எழுதிவிட்டார்கள். அதன் பக்கவிளைவுதான் இத்தனை புள்ளிக் கோப்புகளும். ஒரு சோம்பேறித்தனம் ஐம்பதாண்டுக் காலமாக எல்லார் வீட்டிலும் குடியிருக்கிறது.

சைமூவா_பையன் | சனி, இரவு 9:44

லிங்க்கே வேண்டாம் பாஸ். ஷேமுவா என்று ஒரு டூல் இருக்கு, கோ மொழியில் எழுதினது. பிரெஞ்சில் "என் வீட்டில்" என்று அர்த்தமாம். (ஆமா, என் பேரில் எழுத்துப்பிழைதான். மாத்த முடியல.) அது லிங்க் போடாது. ஒரு மூல ஃபோல்டரில் இருந்து நிஜக் கோப்பாவே எழுதி வைக்கும். டெம்ப்ளேட் வசதி இருக்கு, "மேக் என்றால் இந்த வரி, லினக்ஸ் என்றால் அந்த வரி" என்று ஒரே கோப்பில் எழுதலாம். செட் -ஐ பிரச்சினையே வராது.

நைட்ஷிப்ட் | சனி, இரவு 10:30

நல்ல டூல்தான், ஒரு வருஷம் வச்சிருந்தேன். ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஏதாவது உடைஞ்சா நான் நேரா ~/.பாஷ்ஆர்சியைத்தான் திறந்து திருத்துவேன். மூலத்தில் சேர்க்க மறந்துடுவேன். அடுத்த அப்ளையில் "இங்கே மாறியிருக்கே, மேலே எழுதவா?" என்று கேட்கும். தூக்கத்தில் ஆமான்னு அடிச்சிருக்கேன். லிங்க்கில் இருக்கிற கோப்பும் ரெப்போவில் இருக்கிற கோப்பும் ஒண்ணுதான், மறக்க இடமே இல்லை. எனக்கு அது போதும்.

சைமூவா_பையன் | சனி, இரவு 10:41

அது டூலோட தப்பு இல்லையே, தூக்கத்தோட தப்பு.

நைட்ஷிப்ட் | சனி, இரவு 10:43

என் பேரைப் பார்த்தீங்களா பாஸ்? நைட்ஷிப்ட். தூக்கம் இல்லாத நேரம் எனக்குக் கிடையாது.

பாலி_ஈராண்டு | ஞாயிறு, காலை 10:05

அண்ணே அக்கா எல்லாருக்கும் ஹாய். பாலிடெக்னிக் ரெண்டாம் ஆண்டு. எனக்கு விண்டோஸ் மட்டும்தான் இருக்கு. ஒரு சீனியரோட டாட்ஃபைல்ஸ் ரெப்போவை குளோன் பண்ணினேன், அதுக்குள்ள இருந்த லிங்க் எல்லாம் ஒரு வரி டெக்ஸ்ட் ஃபைலா வந்திருக்கு. திறந்தா உள்ளே ஒரு பாத் மட்டும் இருக்கு. வைரஸா லா?

புளோக்_மேல்மாடி | ஞாயிறு, காலை 10:40

வைரஸ் இல்லைப்பா, பயப்படாதே. கிட் சிம்லிங்க்கை அப்படித்தான் சேமிக்கும்: பாதையை ஒரு சின்ன டெக்ஸ்டாக வச்சு, "120000" என்று ஒரு வகை எண் கொடுத்திருக்கும். விண்டோஸ் கிட்டில் சிம்லிங்க் வசதி அணைஞ்சிருந்தா அந்த டெக்ஸ்டை அப்படியே கோப்பா எழுதிடும். நீ பார்த்தது சீட்டில் எழுதியிருந்த எழுத்தைத்தான்.

விண்டோஸில் சாதாரணமா சிம்லிங்க் போட அட்மின் உரிமை வேணும். 2017-ல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டில் இருந்து, செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை இயக்கினா அட்மின் இல்லாமலே போடலாம். அதை இயக்கிட்டு, கிட்டில் "கோர்.சிம்லிங்க்ஸ்" என்பதை ட்ரூ ஆக்கி, மறுபடி குளோன் பண்ணு. கையால போடணும்னா "எம்கேலிங்க்". ஒண்ணை மட்டும் மனசில் வை: எல்என்-இல் அசல் முதலில், லிங்க் பேர் பிறகு. எம்கேலிங்க்கில் லிங்க் பேர் முதலில். நான் இன்னைக்கும் ஒவ்வொரு தடவையும் தலைகீழாத்தான் போடறேன்.

ஃபோல்டருக்கு மட்டும்னா ஜங்ஷன் போதும், அதுக்கு அட்மின் உரிமையே வேண்டாம்.

பாலி_ஈராண்டு | ஞாயிறு, காலை 11:12

வந்துடுச்சு அக்கா!! ஸ்டோ என்று ஏதோ சொல்றாங்களே, அது விண்டோஸில் வருமா?

புளோக்_மேல்மாடி | ஞாயிறு, பிற்பகல் 12:30

டபிள்யூஎஸ்எல்லுக்குள்ள போட்டுக்கோ. ஸ்டோ பற்றிக் கேட்டதால என் வெட்கக்கேட்டைச் சொல்லியே ஆகணும். நீளமா இருக்கும், கோப்பி கலக்கிட்டு வாங்க.

குனு ஸ்டோ 1993-லேயே வந்த பெர்ல் நிரல். அப்போ நோக்கமே வேற: "யூஎஸ்ஆர் லோக்கல்" உள்ளே நாமே கம்பைல் பண்ணின மென்பொருளை ஒவ்வொண்ணையும் தனி ஃபோல்டரில் வச்சு, லிங்க் மட்டும் வெளியே காட்டறது. டாட்ஃபைலுக்கு அது கனகச்சிதமா பொருந்தியதால எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. ரெப்போவில் "பாஷ்", "கிட்", "எஸ்எஸ்எச்" என்று பொதி பொதியா ஃபோல்டர் வச்சு, "ஸ்டோ பாஷ்" என்று அடிச்சா வேண்டிய லிங்க் எல்லாம் தானா விழும். அருமை.

அதில் ஒரு குணம் இருக்கு. இலக்கில் அந்த ஃபோல்டரே இல்லைன்னா, உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியா லிங்க் போடாம, ஃபோல்டர் முழுசையும் ஒரே லிங்க்கா மடிச்சுடும். லிங்க் எண்ணிக்கை குறையட்டும்னு நல்லெண்ணம்தான்.

நான் என்ன பண்ணினேன்? புது மெஷின். சர்வருக்குள் நுழையற சாவிகள் இருக்க வேண்டிய டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் இன்னும் பிறக்கவே இல்லை. "ஸ்டோ எஸ்எஸ்எச்" அடிச்சேன். ரெப்போவில் கான்ஃபிக் கோப்பு ஒண்ணுதான் இருந்தது, அதில் ரகசியம் எதுவும் கிடையாது. ஆனா இப்ப டாட் எஸ்எஸ்எச் என்பதே ரெப்போவைக் காட்டற லிங்க். அடுத்த நிமிஷம் புதுச் சாவி உருவாக்க எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டினேன். சாவி எங்கே போய் விழுந்தது? ரெப்போவுக்குள்ள. தீபாவளிக்கு முந்தின ராத்திரி, முறுக்குப் பிழியற அவசரம், "கிட் ஆட் -ஏ", கமிட், புஷ். ரெப்போ பப்ளிக்.

மறுநாள் காலையில் குளிச்சுட்டு வந்து போனைப் பார்த்தா, ரகசியச் சாவி வெளியாகியிருக்குன்னு தானியங்கி எச்சரிக்கை மெயில். புதுப் புடவையோட உட்கார்ந்து ஒவ்வொரு சர்வரிலும் அந்தச் சாவியை நீக்கினேன். அம்மா தேக்காவுக்குக் கிளம்பணும்னு கதவருகே நிக்கறாங்க. கோப்பை அழிச்சு இன்னொரு கமிட் போட்டா போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதினாலும் அதுக்குள்ள யார் எடுத்தாங்கன்னு தெரியாது. சாவியைச் செல்லாததாக்கறது ஒண்ணுதான் வழி.

அதனால, ஸ்டோ வச்சா "--நோ-ஃபோல்டிங்" போடாம ஓட்டாதீங்க. இல்லைன்னா முதலில் எம்கேடிர் போட்டு ஃபோல்டரை நீங்களே உருவாக்கிடுங்க, அப்போ அது உள்ளே போய் கோப்புக் கோப்பா லிங்க் போடும். ரெப்போவும் பிரைவேட்டா இருக்கட்டும். என் டாட்ஃபைலைப் பார்த்து உலகம் கத்துக்க எதுவும் இல்லை.

நைட்ஷிப்ட் | ஞாயிறு, பிற்பகல் 2:02

அக்கா, படிக்கும்போதே எனக்கு வேர்த்துடுச்சு. போய்ப் பார்த்தேன். என்னோடது டாட் எஸ்எஸ்எச் இல்லை, "கான்ஃபிக்" ஃபோல்டர் மொத்தமும் லிங்க்கா இருக்கு. பிரவுசர் கேஷ் எல்லாம் ரெப்போவுக்குள்ள. கிட் ஏன் ரெண்டு மாசமா மெதுவா இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சது.

கோப்பி_கொசோங் | திங்கள், இரவு 10:20

கதை கேட்டதும் ஸ்டோவை விட்டுவிட்டு நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். எது லிங்க் ஆகிறது என்று ஒவ்வொரு வரியாகக் கண்ணில் படட்டும்.

புதிய புதிர். யாரும் சிரிக்கக்கூடாது. தமிழ்ப் பற்றில் ஒரு ஃபோல்டருக்கு "கோப்புகள்" என்று பெயர் வைத்திருந்தேன். பழைய ஐமேக் காலத்து எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்து டெபியனுக்கு ஆர்சிங்க் போட்டு எடுத்தேன். ஃபோல்டர் இருக்கிறது, எல்எஸ்ஸில் தெரிகிறது. அதைக் காட்டி ஸ்கிரிப்ட் போட்ட லிங்க் மட்டும் உடைந்திருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. மவுஸில் நகல் எடுத்து ஒட்டினால் வேலை செய்கிறது, கையால் தட்டினால் இல்லை. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பழைய_மோடம் | செவ்வாய், காலை 6:30

தம்பி, இது என் ஊர்ச் சண்டை. இதற்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் போலிருக்கிறது.

"கோ" என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுதலாம். "க"வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது "க", அதன்பின் ஏகாரக் கொம்பு, அதன்பின் கால் என்று பிரித்து எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு அமைப்பு கோப்புப் பெயர்களை எப்போதும் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸுக்கோ பெயர் என்பது வெறும் பைட் வரிசை. நீங்கள் விசைப்பலகையில் தட்டியது சேர்ந்த வடிவம். வட்டிலிருந்து வந்தது பிரிந்த வடிவம். லினக்ஸ் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்.

கணக்குப் பாருங்கள். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். "கோப்புகள்" சேர்ந்த வடிவில் 9 குறி, 27 பைட். பிரிந்த வடிவில் 10 குறி, 30 பைட். எல்எஸ் வெளியீட்டை, பைட்டுகளைக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டிக்கு அனுப்பி எண்ணினால் பேய் பிடிபடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. "படங்கள்" என்று வைத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

கிட் வழியாகவே கொண்டுவந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. மேக்கில் கிட் பெயரைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றித்தான் பதியும். ஃபோல்டரின் பெயரை ஒருமுறை கையால் தட்டி மாற்றிவிடுங்கள், போதும்.

1997-ல் இங்கே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் ஒரே முறை வேண்டும் என்று மன்றாடினார்கள். ஒரே முறை வந்தது. அதற்குள்ளேயே இரண்டு "கோ" வந்து சேர்ந்தது.

கோப்பி_கொசோங் | செவ்வாய், காலை 8:55

30! எண்ணிப் பார்த்தேன் ஐயா, சரியாக 30. ரயிலில் பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டேன்.

தமிழ் என்று வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு, எழுத்துரு விருப்பம் இரண்டையும் லிங்க் பண்ண முடியுமா? தமிழ் தட்ட ஐபஸ் வைத்திருக்கிறேன்.

நைட்ஷிப்ட் | செவ்வாய், பிற்பகல் 3:15

எழுத்துருவுக்கு முடியும். ஃபான்ட்கான்ஃபிக் கோப்பு சாதாரண எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட், நான் நோட்டோ சான்ஸ் தமிழை முதலில் எடுக்கச் சொல்லி லிங்க் பண்ணி வச்சிருக்கேன், அழகா ஓடுது.

ஐபஸ் கதை வேற. அதோட அமைப்பு டிகான்ஃப் என்ற பைனரி தரவுக்குள்ள போய் உட்காருது. அந்தக் கோப்பை லிங்க் பண்ணாதீங்க, டெஸ்க்டாப்போட எல்லா அமைப்பும் அதுக்குள்ளதான். "டிகான்ஃப் டம்ப்" போட்டு ஐபஸ் பகுதியை மட்டும் டெக்ஸ்டா எடுத்து ரெப்போவில் வைங்க, புது மெஷினில் "டிகான்ஃப் லோட்". மாத்தும்போதெல்லாம் மறக்காம திரும்ப எடுக்கணும். சைமூவா_பையன் இப்ப சிரிப்பார்.

சைமூவா_பையன் | செவ்வாய், பிற்பகல் 3:31

சிரிச்சாச்சு.

ஷெண்டன்_வழி | செவ்வாய், இரவு 8:40

இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நான் வங்கி ஒன்றில் வேலை. ஆபீஸ் மெஷினில் சொந்த ரெப்போவை குளோன் பண்ண முடியாது, தம்ப் டிரைவ் செருகினாலே செக்யூரிட்டியில் இருந்து போன் வரும். என்னை மாதிரி ஆளுக்கு என்ன வழி?

புளோக்_மேல்மாடி | செவ்வாய், இரவு 9:25

வழி தேடாதீங்க சார். விதி விதிதான். அங்கே கையால ஒரு பத்து வரி தட்டி வச்சுக்கோங்க. நிஜமா தினமும் தேவைப்படறது பத்து வரிக்கு மேல இருக்காது, எண்ணிப் பாருங்க.

கோப்பி தம்பிக்கும் இது பொருந்தும். ஆபீஸ் சர்வர் பேரு, ப்ராக்ஸி முகவரி, ஆபீஸ் மெயில் எதுவும் சொந்த ரெப்போவுக்குள்ள வரக்கூடாது. பாஷ்ஆர்சியோட கடைசியில் "பாஷ்ஆர்சி.லோக்கல் இருந்தா அதையும் படி" என்று ஒரு வரி. அந்த லோக்கல் கோப்பு அந்தந்த மெஷினில் மட்டும் நிஜக் கோப்பா இருக்கும், லிங்க் இல்லை, கிட்டிலும் இல்லை. உங்க ப்ராக்ஸி வரியை அங்கே மாற்றினா செட் -ஐ என்ன பண்ணினாலும் கவலை இல்லை.

கிட் கான்ஃபிக்குக்கு "இன்க்லூட்இஃப்" இருக்கு, 2017-ல் கிட் 2.13-ல் வந்தது. "வேலை" ஃபோல்டருக்குள்ள இருக்கிற ரெப்போன்னா ஆபீஸ் மெயில் இருக்கிற தனிக் கோப்பைப் படின்னு சொல்லலாம். அந்தத் தனிக் கோப்பும் லோக்கல்தான்.

கோப்பி_கொசோங் | ஞாயிறு, மாலை 6:10

ஒரு வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

முதலில் தப்புக் கணக்கு போட்டிருந்தேன். மூணு மெஷினும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று லிங்க் லிங்க்காகப் போட்டேன். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், மேக்கில் ஷெல்லே வேறு, இயல்பாக வருவது இசட்-ஷெல். அதில் மென்பொருள் நிறுவும் ஹோம்ப்ரூ இருப்பது "ஆப்ட்" கீழே. டபிள்யூஎஸ்எல்லில் கிளிப்போர்ட் கட்டளை வேறு. 40 கோப்பு லிங்க் பண்ணியிருந்தேன், இப்போது 9. அலியாஸ் தனிக் கோப்பு, அதை பாஷ்ஷும் இசட்-ஷெல்லும் ரெண்டுமே படிக்கும். மற்றதெல்லாம் அந்தந்த மெஷினின் லோக்கல். ஆபீஸ் மேக்கில் ரெப்போ வைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டுவிட்டேன், அலியாஸும் எடிட்டரும் மட்டும் என்றால் சரி என்றார்.

நேற்று சோதனைக்காகத் திங்க்பேடில் டபிள்யூஎஸ்எல்லை அழித்துப் புதிதாகப் போட்டேன். குளோன், ஸ்கிரிப்ட், முடிந்தது. பிறகு "ஃபைண்ட் -எக்ஸ்டைப் எல்" ஓட்டி உடைந்த லிங்க் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றே ஒன்று: பெயர் மாற்றிய அந்தக் "கோப்புகள்" ஃபோல்டரின் 30 பைட் பழைய பெயர் ஸ்கிரிப்டில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் மவுஸில் நகல் எடுத்து ஒட்டியது.

ஐபஸ் இன்னும் தகராறு. அது வேறு இழை.

புளோக்_மேல்மாடி | ஞாயிறு, மாலை 6:34

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒண்ணே ஒண்ணு. புது டபிள்யூஎஸ்எல்லில் டாட் எஸ்எஸ்எச் நிஜ ஃபோல்டரா, லிங்க்கா? "எல்எஸ் -எல்டி" போட்டு முதல் எழுத்து என்னன்னு சொல்லுங்க. இப்பவே.

கோப்பி_கொசோங் | ஞாயிறு, மாலை 6:36

டி, அக்கா. நிஜ ஃபோல்டர்தான். ஸ்கிரிப்டின் முதல் வரியே எம்கேடிர்தான்.